குட்டித் தெய்வங்களைக் கேம்பெயினில் இறக்குவது: எத்தனை, எவ்வளவு சக்தி, என்ன விலை?

#1 மைக்கூடு

மேஜையில் பகடை உருட்டி ஆடும் ரோல்பிளே ஆட்டம், அதில் வாரக்கணக்காகத் தொடரும் என் கதைதான் இந்தக் கேம்பெயின். உலகத்தை ஆளும் எட்டுப் பெரிய தெய்வங்கள், அவற்றின் வம்சாவளி, பகை, கல்யாணம் எல்லாம் நாலு பக்கத்துக்கு எழுதி வைத்தாயிற்று. ஆட்டக்காரர்கள் யாரும் அதில் ஒரு வரி படிக்கவில்லை. கிளெரிக் (தெய்வத்திடம் மந்திரம் பெறும் பூசாரிக் கேரக்டர்) ஆடுபவர் மட்டும் தன் தெய்வத்தின் பெயரைச் சரியாகச் சொல்கிறார், அதோடு சரி.

பாலத்துக்கு ஒன்று, கிணற்றுக்கு ஒன்று என்று குட்டித் தெய்வங்களைச் சேர்க்கலாம் என்று யோசனை. குழுவில் ஐந்து பேர், லெவல் 3, டி20 (இருபது முகப் பகடை) வகை விதிகள்; டி6 என்றால் ஆறு முகம், 1டி6 என்றால் அதில் ஒன்று. தெரிய வேண்டியவை: எத்தனை தெய்வம் போதும்? ஸ்டாட் (சண்டைக்கான எண்கள்) எழுத வேண்டுமா? கண்ட தெய்வமும் வரம் கொடுத்தால் கிளெரிக்கின் பிழைப்பு என்ன ஆவது? யாருக்கு என்ன பாக்கி என்று எப்படிக் கணக்கு வைப்பது?

#2 தாழ்ப்பாள்

அந்த நாலு பக்கத்தை முதலில் மூடி வையுங்கள். குட்டித் தெய்வத்துக்குப் பூர்வீகக் கதை வேண்டாம், விலைப்பட்டியல் போதும்.

பெரிய தெய்வத்தின் ஆட்சி கடல் என்றால், குட்டித் தெய்வத்தின் ஆட்சி ஒரே ஒரு துறையில் படகைக் கட்டும் கயிற்றின் முடிச்சு. எல்லை சுருங்கச் சுருங்க மேஜையில் அதற்கு வேலை கூடும். அளவு சரியா என்று பார்க்க ஒரு கேள்வி: இந்தத் தெய்வம் இன்று ராத்திரி செத்தால் நாளைக் காலையில் யாருடைய எந்த வேலை கெடும்? பதிலில் ஒரு ஆளும் ஒரு வேலையும் வரவில்லையா, தெய்வம் இன்னும் பெரிசு. நறுக்குங்கள்.

ஒரு தெய்வத்துக்கு ஒரு கார்டு, ஐந்து வரி. ஆறாவது வரி எழுதக் கை வந்தால் அதை இரண்டாவது தெய்வமாக்கிவிடுங்கள். மாதிரிக்கு ஒன்று:

முழங்காலாழம்
இடம்: சாம்பலாற்றின் கல்துறை. மேலும் கீழும் இருபது அடிக்கு அப்பால் அதிகாரம் இல்லை.
அடையாளம்: துறைக்கு நடுவில் ஒரு பாறை. எந்த வெள்ளத்திலும் அதன் உச்சி நனைவதில்லை.
தருவது: விலை கொடுத்தவருக்குத் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறாது. அவரைத் துரத்தி வருகிறவருக்கு மார்பளவு.
கேட்பது: தண்ணீரில் கால் வைக்குமுன், தான் இன்னும் தீர்க்காத ஒரு கடனைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பணக்கடன், நன்றிக்கடன், பழிக்கடன் எதுவானாலும் சரி. சொன்ன கடனை இன்னொரு முறை சொல்ல முடியாது.
பொறுக்காதது: பொய். சொன்னவர் நடு ஆற்றுக்கு வந்ததும் நீர் 1டி6 அடி ஏறும்.

இதில் உயிர் நாலாவது வரியில் இருக்கிறது. விலை பத்துப் பொற்காசு என்று வைத்தால் கேரக்டர் ஷீட்டில் பத்தை அடித்துவிட்டு எல்லாரும் மறந்துவிடுவார்கள். விலை ஆட்டக்காரர் வாயிலிருந்து வர வேண்டும், இல்லையென்றால் அவர் பழக்கத்தில் கை வைக்க வேண்டும். ஐந்து பேர் ஆற்றைக் கடந்து திரும்பி வந்தால் பத்துக் கடன்கள் மேஜைக்கு வரும். உங்கள் நோட்டில் பத்துக் கதைமுனைகள், ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை.

#3 ஒற்றைப்பகடை

பொய் என்று டிஎம்முக்கு (ஆட்டத்தை நடத்துபவருக்கு) எப்படித் தெரியும்? ஆட்டக்காரர் அந்த இடத்திலேயே ஒரு கடனைக் கற்பனை செய்து சொன்னால் அது பொய்யா, பின்கதையா?

#4 தாழ்ப்பாள்

பின்கதை. கேரக்டர் ஷீட்டில் இல்லாத கடனைச் சொன்னால் அந்த நொடியிலிருந்து அது உண்மை, ஷீட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பொய் என்பது "என் கேரக்டர் இங்கே பொய் சொல்கிறார்" என்று ஆட்டக்காரர் தானாக அறிவிப்பது மட்டும்தான். டிஎம் மனசைப் படித்துத் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தால் அது விசாரணை மன்றம் ஆகிவிடும். பொய்க்கு ஒரு லாபமும் இருக்கட்டும்: உண்மைக் கடனைக் கூட இருப்பவர்கள் முன் சொல்லாமல் தப்பிக்கலாம். 1டி6இல் 1 அல்லது 2 விழுந்தால் பிழைத்தார், 5 அல்லது 6 விழுந்தால் கவசத்தோடு மூழ்குகிறார். அந்தப் பேரத்தை அவரே எடுக்கட்டும்.

#5 உருள்கல்

கிளெரிக் கேள்விக்கு எண்ணோடு பதில் சொல்கிறேன்.

டி20இல் இரண்டு முறை உருட்டி நல்லதை எடுக்கும் அட்வான்டேஜின் சராசரி லாபம் 3.3. ஆனால் அந்தச் சராசரியை நம்பக் கூடாது. 11 வேண்டிய இடத்தில் வாய்ப்பு 50 சதவீதத்திலிருந்து 75க்குப் போகிறது, அதாவது +5க்குச் சமம். 20 வேண்டிய இடத்தில் 5லிருந்து 9.75, அது +1கூட இல்லை. கிளெரிக்கின் பிளெஸ் என்ற மந்திரம் தருவது 1டி4, சராசரி 2.5, எங்கே உருட்டினாலும் ஏறக்குறைய 12.5 சதவீதப் புள்ளி. குட்டித் தெய்வம் தாக்குதலுக்கு +2 கொடுத்தாலே கிளெரிக்கின் முதல் லெவல் மந்திரத்தை இலவசமாக விற்றமாதிரி.

அதனால் வரத்தைக் கூட்டல் எண்ணாக எழுதவே கூடாது. முழங்காலாழத்தைப் பாருங்கள், அதில் போனஸ் கிடையாது. "இந்த இடத்தில் இது நடக்கும், உருட்ட வேண்டாம்" அவ்வளவுதான். குறுகலான வரம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் சமநிலை கெடாது. தாக்குதல், சேதம், கவசம், உயிர்ப்புள்ளி இந்த நாலையும் தொடாதவரை கிளெரிக்குக்குப் போட்டி இல்லை.

எத்தனை முறை பயன்படும் என்பதற்குத் தேயும் பகடை வையுங்கள். தயவு டி6இல் தொடங்குகிறது. ஒவ்வொரு முறை பயன்படுத்திய பிறகும் உருட்ட வேண்டும். 1 அல்லது 2 விழுந்தால் டி4, டி4இலும் 1 அல்லது 2 விழுந்தால் தயவு தீர்ந்தது, விலையைப் புதிதாகக் கொடுக்க வேண்டும். டி6இல் சராசரி மூன்று முறை தாங்கும், டி4இல் இரண்டு, மொத்தம் ஐந்து. டி8இல் தொடங்கினால் நாலு கூடி ஒன்பது. லெவல் 3க்கு டி6 போதும். டி8ஐ விலை நிஜமாகவே வலிக்கிற தெய்வத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: கிளெரிக்கை ஓரங்கட்டாமல் தரகராக்குங்கள். குட்டித் தெய்வம் எதைக் கேட்கிறது என்பது மற்றவர்களுக்குத் தடயம் பார்த்துத்தான் தெரியும், கிளெரிக்குக்கு உருட்டாமலே தெரியும். அவருடைய பெரிய தெய்வம் கூப்பிட்டால் வருவது அபூர்வம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2014 பதிப்பில் 10ஆம் லெவல் கிளெரிக் தெய்வத்தை நேரில் அழைத்தால் பலிக்க 10 சதவீத வாய்ப்புத்தான். பெரியவர் கைவிரிக்கும் இடத்தில் வாசற்படிக்காரன் பேரம் பேச வருகிறான். பேச்சை நடத்துவது கிளெரிக் என்றால் அவருக்கு அது கூடுதல் மேடை.

#6 இருட்டறை

எல்லாரும் ஆறு, பாலம் என்று வெளியிலேயே நிற்கிறீர்கள். டன்ஜனுக்குள், அதாவது குழு தேடிப்போகும் நிலத்தடி அறைகளுக்குள், இவற்றுக்கு இன்னும் நல்ல வேலை இருக்கிறது.

கிரீச்சி. கதவுக் கீலின் தெய்வம். ஒரு குப்பி விளக்கெண்ணெயை ஒரு கீலில் முழுசாக ஊற்றினால் அன்று பொழுது விடியும்வரை உங்கள் கைப்பட்ட கதவு எதுவும் சத்தம் போடாது. விலை எண்ணெய் மட்டுமில்லை: விடியும்வரை நீங்கள் திறந்த கதவை நீங்கள் மூடக் கூடாது.

கேட்கச் சாதாரணமாக இருக்கும். கணக்குப் போடுங்கள். பழைய டன்ஜன் விதிப்படி ஒரு டர்ன் பத்து நிமிடம், இரண்டு டர்னுக்கு ஒருமுறை டி6 உருட்டி 1 விழுந்தால் அலையும் ஜந்து எதிர்ப்படும். இரண்டு மணி நேரத் தேடலில் ஆறு உருட்டல். ஒன்றாவது வர வாய்ப்பு 66.5 சதவீதம். பின்னால் ஐந்து கதவு திறந்து கிடந்தால் 1, 2 இரண்டுக்கும் ஜந்து வரட்டும். வாய்ப்பு 91 சதவீதம், சராசரியாக இரண்டு சந்திப்பு. பதுங்கிப் போவதில் கிடைத்த லாபத்தைப் பின்பக்கத்தில் வட்டியோடு வசூலிக்கிறாள்.

வரமும் விலையும் ஒரே பொருளில் முட்டிக்கொள்ள வேண்டும், கதவுக்குக் கதவு. கீல் தெய்வம் ஆட்டின் தலையைக் கேட்டால் ஆட்டக்காரருக்கு எரிச்சல்தான் வரும். இங்கே ஒவ்வொரு கதவு முன்னாலும் குழு நின்று வாக்குவாதம் செய்யும். அந்த வாக்குவாதம்தான் தெய்வ நம்பிக்கை. வேறு ரோல்பிளே கேட்க வேண்டாம்.

#7 மைக்கூடு

கேட்கும்போதே ஓட்டை தெரிகிறதே. வாடகைக்கு ஒரு கூலியாளைக் கூட்டிவந்து "நீ மூடுப்பா" என்றால்?

#8 இருட்டறை

முதல் தடவை பலிக்கட்டும். ஓட்டையைக் கண்டுபிடித்த சந்தோஷத்தைப் பிடுங்காதீர்கள். அடுத்த தடவை கூலியாள் மூடிய கதவு திறக்க மறுக்கும், அவன் உள்ளே இருக்கும்போது. தெய்வம் ஏமாற்றப்பட்டால் விதியை மாற்றாது, ஏமாற்ற உதவிய ஆளைப் பிடிக்கும். இதை எல்லாக் குட்டித் தெய்வத்துக்கும் பொது விதியாக வைத்தால் தனித்தனி வழக்கறிஞர் வேலை மிச்சம்.

கதவுக்கு அடியில் ஆப்பு அடித்துத் திறந்தபடி நிறுத்தினால் கிரீச்சிக்குச் சந்தோஷம். அப்படிச் செய்கிற குழுவுக்குத் தயவுப் பகடையை ஒருபடி ஏற்றிக் கொடுங்கள், உருள்கல் சொன்ன டி6 டி8 ஆகட்டும்.

#9 பன்னிரண்டாம்பக்கம்

கிரீச்சிக்குப் பழைய சொந்தம் உண்டு. ரோமானியர்கள் ஒரு வாசலுக்கு மூன்று தெய்வம் வைத்திருந்தார்கள்: கதவுப் பலகைக்கு ஃபோர்குலஸ், கீலுக்குக் கார்டியா, வாசற்படிக்கு லிமென்டினஸ். 5ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ ஆயர் அகஸ்டின் இதைக் கிண்டல் செய்தார்: வாசலுக்குக் காவலாள் ஒருவன் போதும், இவர்களுக்கோ மூன்று தெய்வம் தேவைப்பட்டிருக்கிறது, ஃபோர்குலஸால் கீலையும் படியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள முடியவில்லை போல என்று. அவருக்கு அது அபத்தம். டிஎம்முக்கு அது பொக்கிஷம். ஒரே வாசலில் மூன்று பேர் என்றால் மூன்று பேருக்கும் எல்லைத் தகராறு இருக்கும். பலகைக்காரனுக்கு விலை கொடுத்துக் கதவைத் திறந்தாயிற்று, படிக்காரன் கால் வைக்க விடமாட்டேன் என்கிறான்.

தானியத்துக்கும் அப்படியே. விதை மண்ணுக்குள் இருக்கும்வரை செயியா, முளைவிட்டு மேலே வந்ததும் செகெட்டியா, அறுத்துக் களஞ்சியத்தில் போட்டபின் டூடிலினா. ஒரு பயிர் கைமாறிக்கொண்டே போகிறது. சங்கிலியில் ஒரு தெய்வம் வேலையை நிறுத்தினால் அதற்கு அடுத்ததெல்லாம் நிற்கும். மூன்று செஷன் மர்மத்துக்கு இதைவிட நல்ல எலும்புக்கூடு இல்லை: பயிர் ஏன் முளைத்து அப்படியே நிற்கிறது? முதல் தெய்வம் ஒப்படைக்கவில்லையா, இரண்டாவது வாங்கவில்லையா?

மூன்றாவது வகை ரோபிகஸ். கோதுமையில் விழும் துருநோயின் தெய்வம். ஏப்ரல் 25இல் அவனுக்கு நாய் பலி கொடுத்தார்கள். எதையும் தா என்று கேட்பதற்கு அல்ல, வராதே என்று கேட்பதற்கு. நம் கார்டுகளில் எல்லாத் தெய்வமும் எதையோ தருகிறது. நாலில் ஒன்றாவது தராத தெய்வமாக இருக்கட்டும். அது சும்மா இருப்பதே வரம்.

கடைசியாக, ரோமானியர்கள் எதிரி நகரத்தை முற்றுகையிட்டபோது அந்த நகரத்துத் தெய்வத்தையே தங்கள் பக்கம் வரச்சொல்லி அழைக்கும் சடங்கு வைத்திருந்தார்கள். கி.மு. 396இல் வேயி நகரம் விழுந்தபோது ரோமானியத் தளபதி கமில்லஸ் அங்கிருந்த யூனோ தேவியை ரோமுக்கு அழைத்ததாக வரலாற்று மரபு. அதே காரணத்துக்காக ரோமின் சொந்தக் காவல் தெய்வத்தின் பெயர் ரகசியமாக வைக்கப்பட்டிருந்தது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். பெயர் தெரிந்தால் எதிரி அழைத்துவிடுவானே. லெவல் 3 குழுவால் கோட்டையை உடைக்க முடியாது, ஆனால் கோட்டை வாயில் தெய்வத்தின் நிஜப்பெயரைத் திருட முடியும், அதற்கு இன்னும் நல்ல பேரம் பேச முடியும், சிலையைத் தூக்கிக்கொண்டு வெளியே வர முடியும். மூன்று செஷன், மூன்றும் வேறு வேறு ஆட்டம்: ஒற்று, பேச்சு, ஓட்டம். பெயரில் ஓர் எழுத்துத் தப்பினால் வேறு ஏதோ ஒன்று அழைப்பை ஏற்றுக்கொண்டு வரும் என்று வையுங்கள்.

#10 ஒற்றைப்பகடை

இப்படியே போனால் ஆணிக்கும் அச்சாணிக்கும் தெய்வம் வந்துவிடும். எல்லாவற்றுக்கும் தெய்வம் இருந்தால் எதற்கும் மதிப்பில்லை. ஆட்டக்காரர் ஒரு செஷனில் ஞாபகம் வைப்பது இரண்டு புதுப் பெயர், மிஞ்சிப் போனால் மூன்று. என் கட்சி: மொத்தக் கேம்பெயினுக்கும் மூன்றே தெய்வம். மூன்றும் திரும்பத் திரும்ப வரட்டும்.

#11 பன்னிரண்டாம்பக்கம்

ஞாபகத்தைப் பற்றிச் சொன்னது சரி, எண்ணிக்கை தப்பு. உலகத்தில் ஆயிரம் இருக்கட்டும், "சுறுசுறுப்பாக" இருப்பவை மட்டும் மூன்று. புதுசாக ஒன்றைக் கொண்டுவந்தால் பழசில் ஒன்றைத் தூங்க வையுங்கள்: குழு அந்த ஊரை விட்டுப் போனது, தயவு தீர்ந்தது, கடன் அடைந்தது. ஒரு செஷனுக்கு ஒரு புதுத் தெய்வத்துக்கு மேல் வேண்டாம்.

ஆயிரம் இருக்கிறது என்று காட்ட ஆயிரம் கார்டு வேண்டியதில்லை. வர்ணனையில் ஒரு கை வீச்சு: "செருப்பைக் கழற்றியதும் வண்டிக்காரர் அதைக் கவிழ்த்து வைக்கிறார்." ஏன் என்று யாராவது கேட்டால் அடுத்த வாரத்துக்குள் கார்டு எழுதுங்கள். கேட்காவிட்டால் செலவு ஒரு வாக்கியம்.

#12 உருள்கல்

ஸ்டாட் விஷயம். எழுதாதீர்கள் என்பது என் கட்சி. 1980இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தெய்வத் தொகுப்பில் கிரேக்கத் தெய்வங்களின் அரசன் சியூஸுக்கே 400 ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி) போட்டிருந்தார்கள். எண் இருந்தால் கழிக்கத் தோன்றும், அது மனித சுபாவம்.

உங்கள் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர், ஆளுக்கு ஒரு தாக்குதல், பட்டால் சராசரி 8 சேதம், 60 சதவீதம் படுகிறது என்றால் ஒரு சுற்றுக்கு 24. குட்டித் தெய்வத்துக்கு 60 ஹிட் பாயிண்ட் கொடுத்தால் மூன்றாவது சுற்றில் காலி. அதைத் தடுக்க 200 கொடுத்தால் ஒன்பது சுற்றுக்கு ஆட்டம் இழுக்கும், அது இன்னும் மோசம்.

#13 இருட்டறை

இதில் ஒத்துப்போக முடியாது. கொல்ல முடியாத குட்டித் தெய்வம் டிஎம்மின் செல்லப்பிள்ளை ஆகிவிடும். வந்து நின்று கட்டளை போடும், ஆட்டக்காரர்கள் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். "இது தெய்வம், உங்களால் முடியாது" என்பதும் "இது என் கதை, தொடாதே" என்பதும் மேஜையில் ஒன்றுதான்.

கொல்ல முடியட்டும், ஆனால் கத்தியால் மட்டும் இல்லை. மூன்று நங்கூரம் வையுங்கள்: ஒரு பொருள், ஓர் ஆள், ஒரு பழக்கம். முழங்காலாழத்துக்குப் பொருள் அந்த நனையாத பாறை. ஆள், துறையில் கடன்களைக் கேட்டு ஞாபகம் வைக்கும் கிழவி. பழக்கம், கடப்பவர்கள் கடன் சொல்வது. மூன்றும் இருக்கும்வரை வெட்டினால் தண்ணீரை வெட்டிய மாதிரி. ஒன்று போனால் அதிகாரம் பாதித் தூரத்துக்குச் சுருங்கும். இரண்டு போனால் உடம்பு வரும், 30 ஹிட் பாயிண்ட், அந்தத் துறையில் மட்டும். அப்போது வெட்டட்டும். உங்கள் 24 கணக்குப்படி இரண்டு சுற்று. இழுவை இல்லை.

செத்தபின் என்ன என்பதைக் கார்டின் பின்பக்கம் இப்போதே எழுதி வையுங்கள், தாழ்ப்பாள் கேட்ட "நாளைக் காலையில்" கேள்விக்கான பதில் அதுதான். துறை ஆழமாகிறது, வண்டிகள் இரண்டு நாள் சுற்றிப் போகின்றன, அதுவரை சொல்லப்பட்ட கடன்களெல்லாம் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. அவற்றை வசூலிக்க வேறு ஒன்று வரலாம்.

#14 உருள்கல்

நங்கூரம் ஏற்கிறேன். 30ம் சரி. "ஆள்" நங்கூரத்தில் மட்டும் எச்சரிக்கை: குழு அந்தக் கிழவியைக் கொன்றுவிட்டால் போதும் என்று முடிவெடுக்கும் மேஜைகள் உண்டு. ஆளைக் கொல்லாமல் விலக்கவும் ஒரு வழி இருக்க வேண்டும். கிழவிக்கு மறதி வந்தாலே போதும், அல்லது அவளே ஓய்வு கேட்கலாம்.

#15 மைக்கூடு

பெயர் வைப்பதில்தான் தடுமாறுகிறேன். பெரிய தெய்வங்களுக்கு வைத்தமாதிரி கம்பீரமாக வைத்தால் எல்லாம் ஒன்றுபோல ஒலிக்கின்றன.

#16 பன்னிரண்டாம்பக்கம்

கம்பீரம் பெரியவர்களுக்கே இருக்கட்டும். குட்டித் தெய்வத்தின் பெயர் அது செய்யும் வேலையாகவோ, எழுப்பும் சத்தமாகவோ, அளக்கும் அளவாகவோ இருந்தால் விளக்கம் வேண்டாம். கிரீச்சி சத்தம். முழங்காலாழம் அளவு. வேலைக்கு: கயிறவிழ்ப்பான், திரிநிமிர்த்தி, பின்னால்பார்ப்பான். வினையை அப்படியே பெயராக்கத் தமிழ் தாராளமாக இடம் கொடுக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள். சுறுசுறுப்பாக இருக்கும் மூன்றில் எந்த இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கக் கூடாது. கிரீச்சியும் கிணற்றடியானும் ஒரே சமயத்தில் இருந்தால் மூன்றாவது வாரம் எல்லாரும் குழம்புவார்கள்.

ஆளுக்கு ஆள் பெயர் மாறட்டும். கும்பிடுகிறவர் "துறைக்காரர்" என்பார், வெள்ளத்தில் மாடு பறிகொடுத்தவர் "கடன்காரன்" என்பார். முழங்காலாழம் என்பது அதன் நிஜப்பெயர், வெளியே சொல்லக் கூடாது என்று வைத்தால் மேலே சொன்ன நகரத்துத் தெய்வம் மாதிரி இதையும் அழைத்துக்கொண்டு போகலாம்.

சிரிப்புப் பெயர் ஜாக்கிரதை. பெயரைக் கேட்டுச் சிரிக்கலாம், விலையைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. இரண்டும் சிரிப்பென்றால் அது தெய்வம் இல்லை, துணுக்கு.

#17 தாழ்ப்பாள்

கணக்கு வைக்கும் விஷயம் பாக்கி இருக்கிறது. டிஎம் திரைக்குப் பின்னால் எழுதி வைத்தால் டிஎம்மே மறந்துவிடுவார், மறந்த கடன் வெறும் வர்ணனை. மேஜை நடுவில் எல்லாருக்கும் தெரிகிறமாதிரி ஒரு தாள் போடுங்கள். நாலு பத்தி: தெய்வம், கேரக்டர், தயவுப் பகடை இப்போது எதில் நிற்கிறது, பாக்கி என்ன. எழுதுவது ஆட்டக்காரர். கிளெரிக் எழுதினால் இன்னும் நல்லது, தரகர் வேலையோடு கணக்கர் வேலையும் சேரும்.

செஷன் தொடங்கும்போது தாளைப் பார்த்துப் பாக்கியில் ஒன்றே ஒன்றை எடுங்கள், அது அன்று கதவைத் தட்டும். ஒன்றுக்கு மேல் எடுத்தால் குழு தன் திட்டத்தை விட்டுவிட்டுக் கடன்காரர்களிடமிருந்து தப்பிப்பதே கேம்பெயின் ஆகிவிடும். ஒரு பாக்கி மூன்று செஷன் தொடாமல் கிடந்தால் அடித்துவிடுங்கள், அல்லது தெய்வம் அதை வேறு தெய்வத்துக்கு விற்றுவிட்டது என்று சொல்லுங்கள்.

வரத்தைச் சேமித்து வைக்கும் நோயும் வரும். "கடைசிச் சண்டைக்கு வேணும்" என்று நாலு தெய்வத்தின் தயவைச் சேர்த்து வைப்பார்கள். மருந்து எளிது: ஒரு கேரக்டருக்கு ஒரு நேரத்தில் ஒரே தயவு. இரண்டாவது தெய்வத்துக்கு விலை கொடுத்த கணமே முதல் தயவு போகும். ஆனால் முதல் பாக்கி போகாது!

#18 ஒற்றைப்பகடை

சரி, மூன்று சுறுசுறுப்பு என்பதில் சமாதானம்.

தெய்வம் முதலில் எந்த மனநிலையில் இருக்கும் என்பதற்கு 2டி6 போதும், தனி அட்டவணை வேண்டாம். 2 விழுந்தால் பகை. 3 முதல் 5 வரை விலை இரட்டிப்பு. 6 முதல் 8 வரை கார்டில் உள்ளபடி. 9 முதல் 11 வரை விலையை அப்புறம் வாங்கிக்கொள்ளும். 12 விழுந்தால் விலை வேண்டாம், பதிலுக்குக் குழுவிடம் ஓர் உதவி கேட்கும். கார்டில் உள்ளபடி நடப்பது 36இல் 16, அதாவது 44 சதவீதம். இரு பக்கமும் 25, 25. ஓரங்கள் ஒவ்வொன்றும் 36இல் 1. கவனிக்க வேண்டியது, "அப்புறம் வாங்கிக்கொள்ளும்" என்பது நல்ல பலன்போல ஒலிக்கும், ஆனால் தாளில் பாக்கி ஏறும். ஆட்டக்காரர்கள் இதை மூன்றாவது முறைதான் உணர்வார்கள்.

இடத்துக்குத் தக்க மரியாதை செய்தால் +1. அதற்கு மேல் கூட்டாதீர்கள், 2டி6இல் +2 என்பது மிகப் பெரிசு. பகைக்கும் இரட்டிப்புக்கும் சேர்த்து 36இல் 10 இருந்தது, +2 கொடுத்தால் வெறும் 3.

#19 மைக்கூடு

எல்லாருக்கும் நன்றி. முதல் கார்டு போட்டுப் பார்த்தேன், கிழித்துச் சொல்லுங்கள்.

பிந்திவருவான்
இடம்: யாராவது ஒருவருக்காகக் காத்திருக்கும் எந்த இடமும்.
அடையாளம்: காலத்தின் பெருந்தெய்வத்துக்கு எட்டாவதாக, நேரம் தவறிப் பிறந்த மகன். அதனால் அரியணை கிடைக்கவில்லை.
தருவது: நீங்கள் போய்ச் சேரும்வரை முக்கியமானது தொடங்காது. சடங்கானாலும் தூக்குத் தண்டனையானாலும்.
கேட்பது: அடுத்த சண்டையில் முதல் சுற்று முழுக்கக் கைகட்டி நிற்க வேண்டும்.
பொறுக்காதது: அவசரப்படுத்துவது. "சீக்கிரம் வா" என்று கேரக்டர் வாயால் சொன்னால் தயவு ரத்து.

#20 உருள்கல்

தருவதும் பொறுக்காததும் பிரமாதம். "சீக்கிரம்" என்ற சொல்லைத் தவிர்க்க உங்கள் குழு படப்போகும் பாட்டை நினைத்தாலே சிரிப்பு வருகிறது. கேட்பதில் ஒரு திருத்தம்: லெவல் 3இல் ஐந்து பேரும் விலை கொடுத்திருந்தால் ஐந்து பேரும் முதல் சுற்று சும்மா நிற்பார்கள், அங்கேயே கதை முடிந்துவிடும். குழுவில் ஒருவர் மட்டும்தான் விலை கொடுக்க முடியும் என்று மாற்றுங்கள். யார் என்று அவர்களே சண்டை போடட்டும்.

இடம் மிகப் பெரிசு. "யாராவது காத்திருக்கும் எந்த இடமும்" என்றால் பாதி உலகம். ஒரு நகரத்தின் மணிக்கூண்டு, அதன் மணியோசை கேட்கும் தூரம் என்று சுருக்குங்கள்.

#21 தாழ்ப்பாள்

அடையாளத்தில் நாலு பக்கம் மறுபடி எட்டிப் பார்க்கிறது, எட்டாவது மகனை வெட்டுங்கள். மணிக்கூண்டு என்று வந்தபின் அந்த வரி தானாக நிரம்பும்: முள் எப்போதும் நிஜ நேரத்துக்குக் கால்மணி நேரம் பின்னால், எத்தனை தடவை திருத்தி வைத்தாலும்.